விரதம் என்று சொன்னார்கள்

மற்ற மாதங்களில் செத்தாயா பிழைத்தாயா என்று கேட்காத உறவினர்கள்கூட, மார்கழியில் சொர்க்கவாசல் திறக்கும் நாள் நெருங்கினால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்துவிடுவார்கள். “உங்களுக்கென்ன, பெருமாள் காலடியில இருக்கீங்க” என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடிவதற்கு முன் எழுந்து அத்தனை பேருக்கும் காபி போட்டு, அடுப்படியில் தளிகை முடித்து, காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி ஆபீஸ் போகிறவள் நான்.

கல்யாணமானதிலிருந்து இதே கதைதான். மார்கழி போனால் பங்குனி உற்சவம். அதுவும் போனால், திருச்சி ஆஸ்பத்திரியில் காட்ட வந்த யாராவது. முதலில் என் தூக்கம் போயிற்று. பிறகு முடி கொத்தாகக் கொட்டியது. பிடரி கல்லாக இறுகிக் கிடந்தது. கடைசியில் வயிறு. இரண்டு வாய் சாப்பிட்டால் நெஞ்சு வரை எரியும்.

தில்லைநகரில் ஒரு டாக்டர், “மனசுல டென்ஷன் ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றார். டாக்டரும் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வலி எனக்கு, பதில் அவருக்கு.

அந்த மார்கழியில் நான் தட்டை ஒதுக்கிவைப்பதை வந்தவர்கள் கவனித்தார்கள். என் மாமியார் பெருமையோடு சொன்னார்: “மாசம் முழுக்க ஒரு வேளைதான். நான் சொல்லலை, அவளாவே எடுத்துண்ட விரதம்.” அவர் அதை உண்மையாகவே நம்பினார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா” என்று வியந்த ஓர் அத்தை, இன்னும் அரை டம்ளர் காபி கேட்டார். நோயாளி என்று தெரிந்திருந்தால் உட்காரவாவது சொல்லியிருப்பார்கள். பக்தைக்கு ஏது ஓய்வு?

ஏகாதசி முடிந்து துவாதசிக் காலை, விரதத்தை முடிக்கும் பாரணைக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். எந்த நாளும் கடைசியில் சாப்பிடும் என்னை மாமியார் முதல் இலையில் உட்காரவைத்து, அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் தானே பரிமாறினார். “இவதான் முதல்ல சாப்பிடணும். நம்ம எல்லாரையும்விட இவ விரதம் பெரிசு.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு கவளத்தை விழுங்கினேன். அடுத்த நிமிஷம் கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். வாந்தியில் காபித் தூளைப் போலக் கறுப்பாக ஏதோ வந்தது. பின்னாலேயே சொம்புத் தண்ணீரோடு வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

“அம்மா, நான் விரதமே இருக்கலை. என்னால சாப்பிட முடியலை. ரொம்ப நாளா முடியலை.”

“சொல்லியிருக்கலாமேடி” என்றார். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. என்னை யார் சொல்லவிட்டார்கள்?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். பிறகு அதே கேள்வியைக் கேட்டார். மனசுல டென்ஷன் ஏதாவது?

என் கணவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது அவர் போன் அடித்தது. டிகாக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்து கேட்டார்கள். மாமியார் போனைப் பிடுங்கி அணைத்தார்.

“நீ சும்மா இருடா. அவ சொல்லட்டும்.”

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. விடியற்காலைக் காபியிலிருந்து ஆரம்பித்தேன்.