சோளம் பூத்தபோது வந்த கண்ணீர்

கள்ளக்குறிச்சி டவுனில் பஸ் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆவணியில் கல்யாணமாகி வாழப் போனது வடக்கனந்தல் பக்கம், மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில் இருந்த வீட்டுக்கு. சன்னலைத் திறந்தால் தோகை கைக்கு எட்டும். வந்த புதிதில் அந்தப் பச்சையை வேடிக்கை பார்த்தே இரண்டு தடவை சோற்றைக் குழைய விட்டேன்.

ஐப்பசியில் சோளம் பூவெடுத்ததும் பிடித்தது சனி. விடிந்தால் அடுக்கடுக்காகத் தும்மல். மூக்கு தண்ணீராய் ஒழுகும். கண் சிவந்து, அரித்து, நீர் கொட்டும். அண்ணம்கூட அரிக்கும். காய்ச்சல் மட்டும் இல்லை. சளி என்று நினைத்து நொச்சி இலை போட்டு ஆவி பிடித்ததில் முகம் வெந்ததுதான் மிச்சம்.

புது மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்?

"பொண்ணு ஆத்தா வூட்ட நெனச்சி அழுவுது. நீ இன்னாடா சொன்ன?" என்று மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்று அவர் விழித்தார்.

"அழலீங்க அத்த," என்றேன், மூக்கை உறிஞ்சியபடி. யார் நம்புவார்கள்!

தலை தீபாவளிக்கு டவுனில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். இரண்டாம் நாளே கண் தெளிந்துவிட்டது. நான் வாயாடிக்கொண்டு திரிந்தேன். அவர் அதிரசத்தைக்கூடத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் மறுபடி கண்ணீர். அன்று அவர் கொல்லைக்குப் போகவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப் புடிக்கலன்னா சொல்லிடு. நானே கொண்டுபோய் வுட்டுடறேன். இப்படி அழுதுக்கினு இருக்காத."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட பயம். எனக்கே தெரியாமல் அழுகிறேனோ என்றுகூட நினைத்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூக்கு ஒழுக அதை எப்படிச் சொல்வது?

"நாலு எடம் பார்த்தா மனசு மாறும், கூட்டிக்கினு போடா," என்று மாமியார் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். மொபெட்டில் கல்வராயன் மலை ஏறி, கரியாலூரைத் தாண்டி அருவிக்குப் போனோம். பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவும்போதுதான் கவனித்தேன், இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை காய்ந்து கிடந்தது.

"ஏங்க, நான் கடைசியா எப்ப தும்மினேன்?"

அவர் யோசித்தார். "மல ஏறுனதுல இருந்து தும்மலியே."

"இங்க எங்கம்மா இருக்காங்களா?"

பாவம், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "இல்ல."

"வேற யாரு இருக்காங்க?"

"நான்தான்," என்றார், மெதுவாக.

மலை இறங்கி முதல் சோளக்கொல்லை வந்ததும் தும்மல் என்னைப் போட்டு உலுக்கியது. அவர் வண்டியை நிறுத்தினார். காற்றுக்குச் சோளத்தின் உச்சிப்பூ ஆட, மொபெட்டின் கறுப்பு சீட்டில் மஞ்சள் தூள் படிந்தது. அதை விரலால் தொட்டு, தேய்த்து, வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் டவுனில் டாக்டர் அம்மாவிடம் போனோம். கேட்டதுமே சொல்லிவிட்டார்: "சளி இல்லம்மா, அலர்ஜி. பூவுல இருக்கிற மகரந்தத் தூள் காத்துல பறந்து வருது, உனக்கு ஒத்துக்கல. பூக்குற சமயத்துல வருசா வருசம் வரும், பூ ஓஞ்சா போயிடும்." மாத்திரை எழுதினார். காலையில் சன்னலைச் சாத்தி வை, துணியை வெளியில் காயப்போடாதே, வெளியே போய் வந்தால் முகம் கழுவு என்றார்.

நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் எழவில்லை.

"மனசுக்குப் புடிக்கலன்னா இப்படி வராதுங்களா?"

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். "வராதுங்க."

வெளியே வந்து மொபெட்டை எடுக்கப் போனவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள்துண்டால் கண்ணைத் துடைக்கிறார்.

"உங்களுக்கு இன்னாங்க?" என்றேன்.

"எனக்கும் அந்த அலர்ஜிதான் போல," என்றார்.

பிறந்ததிலிருந்து சோளக்கொல்லையிலேயே கிடந்த மனுஷன். அன்றுவரை ஒரு தும்மல் தும்மியதில்லை.