பன்னீர்செல்வம் எழுதிய போர் ஆணைகள்

2006 ஜூனில் அமீரகத்து அல் ஐனில் ஏசி இல்லாத கம்பெனி பஸ்ஸில் ஒருவர் மயங்கி விழுந்தார். பக்கத்து சீட்டில் இருந்த பன்னீர்செல்வம், ஜெயங்கொண்டம் பக்கத்துக் கம்பி கட்டும் தொழிலாளி, அன்றைக்கே ஏசி பஸ் கேட்கும் போருக்குத் தளபதியானார். தன்னை யாரும் நியமிக்கவில்லை என்பதைப் பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனிக்கு ஊரின் இரண்டு ஓரங்களில் இரண்டு கேம்ப். மற்ற கேம்பில் இருந்த அதிராம்பட்டினத்து ஈசா, அதிகம் பேசாத தச்சன், துணைத் தளபதியானான். போனில் பேசினால் கம்பெனி ஒட்டுக் கேட்கும் என்று பயந்து, சாப்பாட்டு வண்டி ஓட்டும் கௌஸ் முகைதீனிடம் பன்னீர்செல்வம் கடிதம் கொடுத்தனுப்பினார். கம்பெனிக்குப் பன்னீர்செல்வத்தின் பெயரே தெரியாது, நம்பர்தான் தெரியும்.

"சனிக்கிழமை யாரும் பஸ் ஏறக் கூடாது. வடக்கு வாசலை நீ பிடி. தெற்கு வாசலுக்கு ஆள் போடு."

"அண்ணே, இங்க ஒரு கேட்தான் இருக்கு. அதுல நிக்கிறேன்" என்று பதில் வந்தது.

தளபதி சளைக்கவில்லை. பின்வாங்கும் முறை, சமாதானம் பேசும் முறை என்று தினம் ஒரு ஆணை போனது. ஈசா எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்று எழுதினான்.

சனிக்கிழமை காலை பன்னீர்செல்வம் கட்டிலில் உட்கார்ந்து ஒரு வீர உரையை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஹாரன் கேட்டு எட்டிப் பார்த்தால், தன் கேம்ப் ஆட்கள் எல்லோரும் பஸ் ஏறியிருந்தார்கள். போர் நடக்கப்போவதைத் தன் கேம்பில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஃபோர்மேன் "யல்லா, ஏறு" என்றார். தளபதியும் ஏறினார்.

மற்ற கேம்பில் ஈசாவும் இருநூறு பேரும் அசையவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியை ஈசா வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் கால் மணி நேரம் உட்கார வைத்தான். வேறு பேச்சுவார்த்தை தேவைப்படவில்லை. அடுத்த வாரம் ஏசி பஸ் வருவதாக முடிவானது. ஈசாவின் விசாவை மட்டும் கேன்சல் செய்தார்கள்.

பன்னீர்செல்வம் ஆபீசுக்கு ஓடி, எல்லாம் தன் வேலைதான், தன்னை அனுப்புங்கள் என்றார். மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டி, அன்றைக்கு நீ டியூட்டியில் இருந்தாய் என்று வெளியே அனுப்பினார். கடிதங்களைக் காட்டலாம் என்றால், அவரைக் காப்பாற்ற ஈசா அவற்றை முன்பே கிழித்துப் போட்டிருந்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து ஈசா போன் செய்தான்.

"தம்பி, நான் பஸ் ஏறிட்டேன்" என்றார் பன்னீர்செல்வம்.

"தெரியும்ணே. கௌஸ் அண்ணன் அன்னிக்கே சொன்னாரு. நான்தான் எங்க ஆளுங்ககிட்ட சொல்லல. நீங்களும் அங்க நிக்கிறீங்கன்னு நெனச்சுத்தான் அவங்க நின்னாங்க."

மறு வருடம் பன்னீர்செல்வம் ஊர் லீவைத் தள்ளிப்போட்டு, தெரிந்தவர்களைக் கெஞ்சி, பஹ்ரைனில் குதைபியாவில் ஒரு மரக்கடையில் ஈசாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.