தமயந்தி அக்கா ஏற்க மறுத்த சூடு

தளேகாவில் கருவிக்கான உறைகளை வாங்கிக்கொண்டு லோக்கல் ரயிலுக்காக நின்றிருந்தபோது தமயந்தி அக்காவின் மகள் அழைத்தாள். “மாமா, அம்மா போயிட்டாங்க.” பிறகு இந்தியில் ஏதோ சொன்னாள், காதில் ஏறவில்லை. பையை அணைத்தபடி நடைமேடையிலேயே அழுதேன்.

அக்காவை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு அவர் வேலையும் தெரியும். ஆழ்கடலின் அடிச்சேற்றில் செருகி வெப்பத்தை அளக்க, விரல் நீளக் கருவி ஒன்றைச் சிஞ்ச்வட்டில் ஒரு சிறிய பட்டறையில் நாங்கள் இருவரும் உருவாக்கினோம். கடலே இல்லாத ஊரில் கடல்சேற்றுக்கு எங்கே போவது? அக்கா தன் வீட்டு பால்கனியில் வாளி வாளியாகக் கரிசல் மண்ணைப் பிசைந்தார். கணபதி சிலை செய்கிறார் என்று நினைத்த அடுக்ககத்துச் சொசைட்டிப் பெண்கள் ஆர்டர் கொடுக்கவே வந்துவிட்டார்கள். “நம்ம கணபதியும் தண்ணிக்குத்தான் போறாரு முரளி. ஆனா இவுரு திரும்பி வந்தே ஆவணும்” என்று கருவியைக் காட்டி அக்கா சிரித்தார். கட்கியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தும், வேலூர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

கருவி கப்பலேறியபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த பயணம்வரை தாங்கமாட்டார் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கருவி பதிவோடு திரும்பியது. பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் கட்டிலுக்கு ஓடினேன்.

திரையில் இறங்கிக்கொண்டிருந்த வெப்பநிலைக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். சேற்றில் இறங்கும்போது உரசலில் கருவி சூடேறும். அது தணியும்வரை அசையாமல் காத்திருந்தால்தான் சேற்றின் சொந்த வெப்பம் தெரியும். கப்பலில் அவசரப்பட்டு, கோடு இறங்கி முடிவதற்குள் இழுத்துவிட்டிருந்தார்கள்.

“இது சேத்தோட சூடு இல்லப்பா. நாம குத்துன சூடு.”

“கணக்குப் போட்டு ஓரளவு சரி பண்ணிரலாங்க்கா.”

“அரே, இத்தினி சின்ன கோட்ட வச்சிக்கினு இன்னாத்த கணக்குப் போடுவ? இன்னும் அளக்கலன்னு எழுது.”

எனக்குக் கோபமே வந்தது. சாகக் கிடப்பவர் ஒரு சின்னச் சந்தோஷத்தை ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தும் தொட எனக்குத் துணிவில்லை. அவர் சொன்னபடியே அறிக்கையில் எழுதினேன்.

இப்போது அடுத்த பயணத்துக்குத் தயாராகிறோம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ‘இன்னும் அளக்கவில்லை’ என்ற அந்த ஒரு வரிதான். அதை அடித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதும் நாளுக்காகத்தான் உழைக்கிறேன். அந்த நாள் வந்துவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.