திருவாதிரைக்குப் பக்கத்தில்

என் வீட்டுக்காரருக்கு ஒரு நட்சத்திரத்தின்மேல் பைத்தியம். அதைப் பொறுத்துக்கொண்டேன். அதைப் பார்க்க அவருக்குத் துணையாக ஆபீஸிலிருந்து ஒருத்தி வந்தாளே, அவளைத்தான் பொறுக்க முடியவில்லை.

நட்சத்திரம் திருவாதிரை. வருஷத்தில் ஒருநாள் களி கிண்டுவதோடு அதற்கும் எனக்கும் கணக்கு முடிந்தது என்றிருந்தேன். அதன் வெளிச்சம் ஒரு நிலையில் நிற்காது, ஏறும், இறங்கும் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ரோகிணியையும் இன்னும் ஒன்றிரண்டையும் பக்கத்தில் வைத்து, இன்றைக்கு இது எவ்வளவு என்று வெறுங்கண்ணாலேயே மதிப்புப் போட வேண்டும். ரோகிணிக்குப் புள்ளி ஒன்பது. எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதல். போட்ட மதிப்பை, உலகம் முழுக்க இதே வேலையாக இருக்கிறவர்களின் இணையப் பக்கத்துக்கு அனுப்புவார்கள். சல்லிக் காசு கிடையாது.

படூரில் எங்கள் அடுக்குமாடியைச் சுற்றி ஒரே விளக்கு. அதனால் தை, மாசியில் சனிக்கிழமை இருட்டியதும் காரில் நெம்மேலி தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். அவள் முன் சீட்டில் உட்கார மாட்டாள். "அக்கா, நீங்க வாங்க" என்பாள். அந்த மரியாதையும் எனக்கு எரிச்சல்தான்.

மணலில் இருவரும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். பேச்சு கிடையாது. ஒருவர் போட்ட மதிப்பு மற்றவர் காதில் விழுந்தால், கண்ணும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுமாம். அதனால் முதலில் முடித்தவர் செருமக்கூட மாட்டார். இருவரும் முடித்த பிறகு, செல்போனில் அடித்த எண்ணை ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் அவர் முகத்தில் வருமே ஒரு சிரிப்பு, என் சமையலுக்கு அது வந்ததே இல்லை.

கொஞ்சிக் குலாவியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பேசாமல் நிற்கிறவர்களிடம் என்னவென்று சண்டைக்குப் போவது? எங்களுக்குள் பால், கேஸ், பள்ளிக்கூட வேன் என்று பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் ஒருநாளும் அப்படி மூச்சடக்கிக் காத்திருந்ததில்லை.

ஒருநாள் அவள் சொன்னாள்: "அக்கா, திருவாதிரை தனியா இல்லையாம். கூடவே சின்னதா ஒண்ணு சுத்துதாம். பெருசோட வெளிச்சத்துல இத்தனை நாளா யார் கண்ணுலயும் படல. இப்பதான் கண்டுபுடிச்சிருக்காங்க."

"கூடவே கீறது எங்க கண்ணுக்குத் தெரியப்போவுது? வெளியிலேர்ந்து வந்ததுதான் பளபளன்னு கீது" என்றேன். நான் செங்கல்பட்டுப் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சும் கூடவே வந்துவிடும். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை.

அப்புறம் நானும் மதிப்புப் போடப் பழகினேன். என் கணக்கில் மட்டும் அது எப்போதும் கூடுதல் வெளிச்சமாகவே வந்தது. ஏன் என்று அவளிடமே போய்க் கேட்கும்படி ஆனது, என் தலையெழுத்து.

"முறைச்சுப் பாக்காதீங்கக்கா. செவப்பு நட்சத்திரம், பாக்கப் பாக்க ஏறிக்கிட்டே போகும். ஒரு பார்வை பாத்துட்டுக் கண்ணை எடுத்துடணும்."

சரியாகத்தான் சொன்னாள். நான் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை எடுக்கப் பழகியதும் என் எண் அவர்கள் எண்ணை ஒட்டி வந்துவிட்டது.

அவளுக்குப் புனேவுக்கு மாற்றலானது. வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அது மணத்த மாதிரி என் கையில் வேறு எப்போதும் மணத்ததில்லை. சந்தோஷம்தான், வேறென்ன.

"இனிமே நான் நிக்கறேன் உங்க கூட. எனக்கும் போடத் தெரியும்" என்று அவரிடம் சொன்னேன். "தாராளமா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அவள் நிற்கிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு படபடப்பு இல்லை. முதலில் ரோகிணியைத் தேடிப் பிடித்தேன்.

"புள்ளி ஆறு" என்றார் அவர், சத்தமாக. "கிளம்பலாமா? பசிக்குது."

"இன்னாங்க இது? நான் இன்னும் பாக்கவே இல்ல."

"அதனால என்ன? அதான் நான் பாத்துட்டேனே."

சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். புனேவில் இருக்கிறவள்மேல் எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. நான் அசையாமல் நின்று மேலே பார்த்தேன். புள்ளி ஆறாகத்தான் தெரிந்தது. காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எப்படித் தெரியும்?