வாசலில் விட்ட சப்பாத்து

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என் அப்பா செம்பனை ஆலையில் ஆவி அடித்து வெந்துபோனார். இதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சபையாரே.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீடு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆவியில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலனில்தான் அப்பாவுக்கு வேலை. அதன் கதவு இடுக்கில் ஆவி கசிகிறது என்று அன்று காலையிலேயே ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். "இந்த லோட் முடியட்டும்" என்று எஞ்சினியர் சொல்லி அனுப்பிவிட்டார். லோட் முடிவதற்குள் கதவு பிடி விட்டுத் திறந்துகொண்டது. மார்பு, கழுத்து, இரண்டு கைகள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனி விஷயத்தை முடித்துவிட்டது.

அம்மா அப்பாவோடு மருத்துவமனையே கதியென்று கிடந்தார். ஒரு நாள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார்.

"தோட்டத்துல வேல செய்யற ஆள் இருந்தாத்தான் வீடு, தெரியுமில்ல பாப்பா. வருஷக் கடைசி வரைக்கும் துரைகிட்ட பேசி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதுலா."

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துக் கம்பெனியே புதுப் பட்டதாரிகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, ஆலைப் பொறுப்பாளர்களாக ஆக்கப்போகிறது என்று பெரியப்பா மகன் மோசஸ் அண்ணன் வந்து சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பாவ வேக வச்சவங்ககிட்டயே போய் கை கட்டி நிக்கணுமா?"

"வீடு வேணுமா, வேணாமா? மொதல்ல அத சொல்லு."

மனு போட்டேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த வாரம் திகாம் பத்து ஊரில், நம் சபை கூடும் கடைவீட்டு மாடியில், வெள்ளிக்கிழமை ஜெபத்தில், நீங்கள் எல்லோரும் என் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள். நான் மனதுக்குள் இரண்டு காரியம் கேட்டேன். அப்பா பிழைக்க வேண்டும். அப்புறம், அங்கே என் வாயில் நீரே இரும் ஆண்டவரே, என்னால் முடியாது. உண்மையைச் சொன்னால், கேட்கும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. சண்டை போடுவதுபோலத்தான் கேட்டேன்.

கம்பெனியின் பெரிய ஆபீஸ் அலோர் ஸ்டாரில். மோசஸ் அண்ணன்தான் தன் காடியில், அந்தப் பழைய காரில், கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் ஒரே பாட்டு. "அப்பா விஷயத்த மட்டும் வாயத் தொறந்துராத. கேஸ் போட்டுருவன்னு பயந்துருவானுங்க. டீம் வொர்க், லீடர்ஷிப்னு அடிச்சு விடு."

பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர், அவர்தான் தலைமை எஞ்சினியர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன். வெறும் காலுறை. அதுவும் ஒன்றில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஆபீஸ் கதவைப் பார்த்தால் கால் தானாகக் கழற்றிவிடும். ஐயோ ஆண்டவரே, இதற்கா உம்மிடம் ஜெபித்தேன் என்று இருந்தது. ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "சப்பாத்து எங்க? ஏன் கழட்டினீங்க?" என்று மலாயில் கேட்டார்.

மனப்பாடம் செய்த ஆங்கிலமெல்லாம் பறந்துவிட்டது. நானும் மலாயிலேயே, மேடம் என்பதற்குப் 'புவான்' போட்டுச் சொன்னேன். "எங்க தோட்டத்து ஆபீஸ்ல தொழிலாளிங்க சப்பாத்தோட உள்ள போக மாட்டாங்க, புவான்."

"எஞ்சினியர்?"

"அவரு சப்பாத்தோடதான் இருப்பாரு."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மோசஸ் அண்ணன் சொன்னது காதில் ஒலிக்கத்தான் செய்தது. வாய் நிற்கவில்லை. ஆவி கசிவதைச் சொல்ல அப்பா அந்த ஆபீசுக்குப் போனதைச் சொன்னேன். அவரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போனார். கதவோரமாக நின்றே சொன்னார். லோட் முடியட்டும் என்றதும் திரும்பி வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். "இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல?" என்று மருத்துவமனையில் நான் திட்டியபோது, "வெறுங்கால்ல நின்னுக்கிட்டு எஞ்சினியர எதுத்து எப்படிம்மா பேசறது?" என்றார். அதையும் சொல்லிவிட்டேன். அழுகை வேறு.

தலைமை எஞ்சினியர் முன்னால் சாய்ந்து கேட்டார். "அந்த எஞ்சினியர் நீங்களா இருந்தா?"

"நான் எந்திரிச்சு வெளிய போய், அவரு பக்கத்துல நின்னு கேட்டிருப்பேன், புவான். கேட்டுட்டு வேலைய நிறுத்தியிருப்பேன்."

அந்தப் பதிலை நான் தயார் செய்து வைக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

காடியில் ஏறி நடந்ததைச் சொன்னதும் மோசஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் கெடுத்துட்டலா!"

அப்பாவுக்குப் புண்ணில் கிருமி ஏறிவிட்டது. ஒரு ஞாயிறு காலையில், ஆராதனை நேரத்தில், போய்விட்டார். நீங்கள் இங்கே பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் அங்கே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனி உம்மோடு பேச மாட்டேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். பேசவும் இல்லை. அடக்கத்தில் பாஸ்டர் ஜெபித்தபோது நான் கண்ணை மூடவே இல்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. அந்தப் பெண்மணியே பேசினார். என்னை எடுத்துக்கொண்டார்களாம். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். விபத்தை மறுபடி விசாரிக்கச் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னார். விசாரித்தார்கள். அப்பாமேல் போட்ட பழியை எடுத்துவிட்டார்கள். நான் கம்பெனி ஆளாகிவிட்டதால் அம்மா அதே வீட்டில் இருக்கிறார். ஆனால் சாப்பாட்டுத் தட்டை இன்னமும் ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துவிடுகிறார்.

இப்போது நான் வேறோர் ஆலையில் பயிற்சியில் இருக்கிறேன். அங்கேயும் ஆபீஸ் வாசலில் சப்பாத்துகள் கிடக்கின்றன. தினமும் காலையில் நான் அந்த வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். போன மாதம் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "மிஸ், கதவுல லேசா ஆவி வருது." நிறுத்தச் சொன்னேன். மேலிடத்திலிருந்து நல்ல ஏச்சு விழுந்தது, வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன். என் அப்பா அப்படித் திரும்பி வரவில்லை. அங்கேயே, சப்பாத்துகளுக்கு நடுவில் நின்று, அழுதுகொண்டே ஆண்டவரோடு மறுபடி பேசினேன். ஸ்தோத்திரம் என்ற சொல் அன்றைக்குத்தான் என் வாயில் திரும்ப வந்தது.

கேட்டது கிடைக்காமல் நம் சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இதை எழுதினேன். கோபம் இருந்தால் கோபத்தோடேயே ஜெபியுங்கள். உள்ளே போகத் தைரியம் இல்லையென்றால் வாசலிலேயே நில்லுங்கள். ஆண்டவர் எழுந்து வெளியே வந்து, உங்கள் பக்கத்தில் நின்று கேட்கிறவர்.