கடலுக்குக் கொடுத்த மீசை

மீசை வைத்தவனுக்குக் கடலுக்கடியில் மீன் தெரியாது என்பதைக் கொச்சியில் கப்பல் ஏறும் முன்பே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலையில் சூப்பர்வைசர் வேலை. மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வங்கி வேலை. நாலு வருடத்துக்கு ஒருமுறை ஊர் சுற்றிவர வங்கியே செலவு கொடுக்கும். நான் கொடைக்கானல் என்றேன், அவள் லட்சத்தீவு என்றாள். லட்சத்தீவுக்குப் போனோம்.

அங்கே ஸ்நார்கெல் என்று ஒன்றை மாட்டிவிட்டார்கள். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். குப்புற மிதந்துகொண்டு குழாய் வழியாக மூச்சு விட்டால் கீழே உள்ளதெல்லாம் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது உப்புத் தண்ணீர்தான். எப்படி இழுத்துக் கட்டினாலும் மூக்குக்குக் கீழே தண்ணீர் ஏறியது. கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்த நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இருமிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தில் கால் நனைக்கப் பயப்படுகிற என் மனைவி சுடிதாரோடு மிதந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், கிளிமூக்கு மீன் என்று ஒப்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் இந்தக் கூத்து. கடைசியில், சொல்லிக்கொடுத்த தீவுக்காரர் என் மீசையைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடியின் ரப்பர் தோலோடு ஒட்ட வேண்டும், நடுவே ரோமம் இருந்தால் ஒட்டாது என்று மலையாளத்தில் விளக்கினார்.

எங்கள் வீட்டில் தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் அப்பாவோ ஊரில் குத்துக்கல்லாட்டம் இருந்தார். ஆனால் மீனைப் பார்க்காமல் திரும்பினால் ஆயுசு முழுக்க இவள் வாயால்தான் கேட்க வேண்டும். ஊர் போவதற்குள் முளைத்துவிடும் என்று வேறு அவள் சொன்னாள். வங்கியில் இவள் என்னதான் கணக்குப் பார்க்கிறாளோ என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் மழித்தேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. என் வயிற்றுக்குக் கீழே நீல மீன்கள் கூட்டமாகப் போயின. என்னை அவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆலை, ஷிப்ட், தறிச் சத்தம் எதுவும் இல்லை, என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். சாப்பாட்டுக்கு அவள் கூப்பிட்டபோது கோபம் வந்தது. கடலைவிட்டு வரவே மனமில்லை.

திரும்பும்போது விடிகாலையில் பஸ் ராஜபாளையத்தில் பத்து நிமிடம் நின்றது. மனைவியை அவள் அம்மா வீட்டில் விட நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போக வேண்டியிருந்ததால், டீ குடிக்க மட்டும் இறங்கினேன். பஸ் ஸ்டாண்ட் எதிரே பாத்திரக்கடை வைத்திருந்த சித்தப்பா முறைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து அதிர்ந்துபோய்க் கைகூப்பினார். பெரியவர் கும்பிடுகிறாரே என்று நானும் கும்பிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தனக்குச் சொல்லாமலே எல்லாம் முடித்துவிட்டு இவன் ராமேஸ்வரத்தில் சாம்பலும் கரைத்துவிட்டு வருகிறான் என்று முடிவுகட்டிய அந்த மனிதர், ஒரு ரோஜா மாலையும் வாயெல்லாம் சண்டையுமாக எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தது அப்பா.

"மாலையக் குடுத்துட்டுப் போலே. எம் மகனுக்கு என்ன அவசரமோ, மழிச்சிட்டு வாரான்" என்றாராம்.

நான் வீட்டுக்கு வந்தபோது அந்த மாலை முன்னறை ஆணியில் தொங்கியது. அம்மாவைக்கூட அவர் தொடவிடவில்லை. என்னோடு பேச்சை நிறுத்தினார். ரோஜா காய்ந்து, கருகி, தரையெல்லாம் உதிர்ந்தது. தினமும் கூட்டியது நான்தான். மீன் பார்க்க ஆசைப்பட்டதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். மன்னிப்புக் கேட்டால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

மீசை பழையபடி அடர்ந்த பிறகு ஒருநாள் அவரே மாலையின் வெறும் நாரைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்படி என்னத்தலே பாத்த?"

சொன்னேன். நீல மீனைச் சொன்னேன். எம்புட்டுப் பெருசு, கடிக்குமா என்று நடுநடுவே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அடுத்த தடவ போனா எடுத்துக்கோ. ஆனா மொளைச்ச பொறவு ஊருக்குள்ள வா" என்றார்.

அடுத்த தடவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் அப்பா போய்விட்டார். முறைப்படி எடுத்த மீசையை மறுபடி வளர்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆணியில் அவர் படம் ஏறியது.

அதே தீவு, அதே கரை. சொல்லிக்கொடுக்கப் புதிதாக ஒரு இளைஞன். எங்களோடு வந்த வடநாட்டுக்காரர் ஒருவருக்கு முறுக்கி விடுகிற அளவுக்கு மீசை. இளைஞன் ஒரு டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் வாஸ்லின் எடுத்து, அவர் மீசையில் தடவிக் கண்ணாடியை மாட்டிவிட்டான். அவர் மிதந்தார். சற்று நேரத்தில் தலையைத் தூக்கி, மீன், மீன் என்று கத்தினார்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு விரல் வாஸ்லின். நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "என்னங்க, இறங்கலையா?" என்றாள் மனைவி. இறங்கத் தோன்றவில்லை. நேராக ஊருக்குப் போய், இதை அப்பாவிடம் சொல்லி, அவர் வாய் நிறையத் திட்டுவதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.