இரவல் பேரில் ஆடிய குப்பாயி

குண்டடத்துக் குப்பாயியை யமனுக்குத் தெரியாது. அதற்கான ஏற்பாடு அவள் பிறந்தபோதே முடிந்துவிட்டது.

அவளுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அடுத்து வந்தவள் வேல்விழி. அப்பன் ஆத்தப்பன் தாராபுரத்தில் ஒரு மேடைப்பேச்சில் கேட்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து வைத்த பேர். அந்தப் பிள்ளை யார் விரலை நீட்டினாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிற பருவத்தில் ஒரு காய்ச்சலோடு போனாள். அதனால் மூன்றாவதைக் குப்பைமேட்டில் போட்டார்கள். அடுத்த ஊட்டுக்காரி ஒரு முறம் தவிடு கொடுத்து அதை வாங்கி, பெற்றவள் கருப்பாத்தாள் மடியிலேயே திரும்ப வைத்தாள். குப்பாயி என்று பேர் வைத்தாயிற்று. குப்பையை எவன் தேடி வந்து எடுக்கப் போகிறான்? எந்த வீதியிலும் இப்படி ஒரு குப்பாயி இருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

ஏற்பாடு வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே. பல்லடம் போன மினி பஸ் பள்ளத்தில் உருண்டபோது எல்லோருக்கும் மாவுக்கட்டு, குப்பாயிக்குச் செருப்பு மட்டும் அறுந்தது. கொரோனா அவள் குடியிருந்த லைன் வீடுகள் அத்தனையிலும் ஏறி இறங்கி, அவள் கதவை மட்டும் தாண்டிப் போயிற்று. ஆனால் யமன் கண்ணுக்குத் தப்புகிறவள் மற்றவர் கண்ணில் மட்டும் எப்படிப் படுவாள்? பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து, பஜ்ஜி தின்று, பெண்ணைப் பார்க்க மறந்து கிளம்பினார்கள். கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்டதே இல்லை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமெண்ட் போடுகிற வேலை. வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் அவள் விரலைத் தொட்டதும் ‘மறுபடி முயலவும்’ என்னும். சேர்ந்த நாளிலிருந்து மறுபடி முயன்றுகொண்டிருந்தாள்.

வயது நாற்பதைத் தாண்டியும் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒருதரம், ஒரே ஒருதரம், மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட, நாலு பேர் பார்க்க மேடையேறி வரவேண்டும்.

கப்பல் தகவலுக்குக் காத்திருந்த நேரங்களில் அவள் போனில் ஸ்க்ராபிள் பழகினாள். எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை கட்டுகிற ஆட்டம். பிறகு கோயமுத்தூர், பெங்களூர் என்று பலகை ஆட்டங்களுக்குப் போனாள். எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதையே கவனிக்காமல் ஆடியவர்கள், தோற்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். இப்படி யாருக்கும் தெரியாமல் முன்னேறி, பாங்காக்கில் நடக்கும் நாடுகளுக்கிடையேயான குழுப்போட்டிக்கு இந்திய அணியில் ஐந்தாவது ஆளாக வந்து நின்றாள். திருப்பூரிலிருந்து பாங்காக் போனவர்களில், எதற்குப் போகிறோம் என்று வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

கம்பெனி முதலாளி அருண்குமார் அணிக்கு டீ-சர்ட் தைத்துத் தர முன்வந்தார்.

“ஏனுங்க்கா, முன்னால நம்ம கம்பெனி லோகோ. பின்னால அவங்கவங்க பேரு. ஆனா குப்பாயின்னு போட்டா...” என்று இழுத்தார். “லோகோவும் அதே துணியிலதான இருக்குது?”

“வேற பேரு போட்டுக்கலாமுங்களா?”

“தாராளமா. முதுகுல இருக்கறதுக்குப் பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க?”

குப்பாயி யோசிக்கவே இல்லை. “வேல்விழின்னு போட்ருங்க.”

போனில் விஷயம் கேட்ட கருப்பாத்தாள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். “அது உங்கக்கா பேரு, கண்ணு.”

“அவ வெச்சுட்டு என்னம்மா பண்றா? சும்மாதான கெடக்குது.”

“பேரு சும்மா கெடக்காது. கூப்பிட்டா வரும்.”

டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது கண்டக்டர் நேராக அவளிடம் வந்தார். “அக்கா, டிக்கெட்டு?” குப்பாயிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கைரேகை மெஷின் ‘நன்றி’ என்றது. ஏர்போர்ட்டில் எடுத்த குரூப் போட்டோவில் அவள் முழுசாக, இரண்டு கண்ணும் திறந்து நின்றாள். தூத்துக்குடியிலிருந்து வந்து திருப்பூரில் செட்டிலான ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் ஆரோக்கியராஜ்தான் அணித் தலைவர். “மேடம், இவ்வளவு நாளா நீங்க எங்க இருந்தீங்க?” என்றார். கோயமுத்தூர் போட்டிகளில் அவர் பக்கத்து மேஜைதான்.

இந்த ஆட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கட்டைகள் கிடக்கும் துணிப்பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கையை விடவேண்டும். உள்ளே பார்த்தால் ஆட்டம் போச்சு.

முதல் ஆட்டத்தில் பைக்குள் ஏதோ அவள் விரலைச் சுற்றியது. நூல் பிசிறு, சரியாக டிரிம் பண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த தடவை அது சூடாக இருந்தது. பிசுபிசுவென்று, குழந்தைக் கை வியர்த்த மாதிரி. அவளுடைய ஆள்காட்டி விரலை முழுசாகப் பிடித்து, விட்டது. உள்ளங்கையில் வந்திருந்ததெல்லாம் நல்ல கட்டைகள். ஜெயித்தாள்.

அடுத்த ஆட்டமும், அதற்கடுத்ததும் அப்படியே. “கையா மேடம் இது!” என்றார் ஆரோக்கியராஜ். குப்பாயி கையை முந்தானையில் துடைக்கப் போய், டீ-சர்ட் போட்டிருப்பது நினைவு வந்து நிறுத்தினாள். ஹாலில் இருந்த மைக் ஒவ்வொரு வெற்றிக்கும் முதுகில் இருந்ததைப் பார்த்து வேல்விழி, வேல்விழி என்றது. மைக் கூப்பிடக் கூப்பிட, பைக்குள் பிடி இறுகியது. ஜெயிக்கிறவர்கள் காரணம் விசாரிப்பதில்லை. அவளும் விசாரிக்கவில்லை.

கடைசிச் சுற்று தாய்லாந்தோடு. குப்பாயியின் மேஜை ஜெயித்தால் இந்தியாவுக்கு மேடை, தோற்றால் நேரே ஊர். அவள்தான் முன்னால் இருந்தாள். பையில் சில கட்டைகளே பாக்கி. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டாள்.

பிடித்தது. இந்தமுறை விடவில்லை. கூட்டிக்கொண்டு போவது போல உள்ளே இழுத்தது. மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. அந்தப் பை ஒரு சாண் ஆழம்தான். எதிரே இருந்த தாய்லாந்துப் பையன் மரியாதையாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரம் அவள் நேரத்தைத் தின்றது. திரும்பிப் பார்த்தால் இந்தியா தோற்கும். பார்க்காவிட்டால் தோள் வரை போகும், அப்புறம் தலை.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பையின் வாயருகே உதட்டை வைத்தாள்.

“அக்கா, உடுங்க. உங்க பேரு உங்களுக்கேங்க. நானு குப்பாயிங்க. தவிட்டுக்கு வாங்குனதுங்க.”

பிடி யோசித்தது. பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

வந்த கட்டைகள் சுமார்தான். இருந்தாலும் முன்பே சேர்த்த புள்ளிகள் காப்பாற்றின. சொன்ன சொல் சொன்னதுதான் என்று குப்பாயி பாத்ரூமுக்குப் போய் டீ-சர்ட்டைக் கழற்றி, தையல் வெளியே தெரிய உள்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்தவர் காலி நாற்காலி என்று நினைத்து அவள் மடியில் பையை வைத்துவிட்டுப் போனார்.

மேடையில் இந்திய அணியைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேராக வந்து, கடைசியில் மைக் “வேல்விழி!” என்றது. ஒரு ஆயுசு காத்திருந்த கூப்பாடு. குப்பாயி நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழவில்லை. ஆனால் ஹால் முழுக்கக் கை தட்டியது. யாரோ மேடையேறிப் போகும்போது தட்டுகிற மாதிரி, படிக்குப் படி.

இரவு விமானத்துக்குக் காத்திருந்தபோது குப்பாயி கேட்டாள். “சார், கடைசி மெடலு யாருக்குப் போட்டீங்க?”

“இது என்ன மேடம் கேள்வி? உங்களுக்குத்தான். என் கையாலயே போட்டேன்லா!” ஆரோக்கியராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஆனா... நீங்க என்னைவிட ஒசரம்லா? மெடல் போட நான் ஏன் முழங்கால் போட்டேன்? கோயிலத் தவிர வேற எங்கயும் போட்டதில்லையே மேடம்.”

கம்பெனி வாசலில் மெஷின் ‘மறுபடி முயலவும்’ என்றது. குண்டடம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவில்லை. கருப்பாத்தாள் தோசைக்கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“மெடலு எங்க, கண்ணு?”

“அக்கா வாங்கிட்டாங்கம்மா.”

கருப்பாத்தாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கல் காய்ந்து புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

“மேடை ஏறறப்ப விழுகலீல்ல?”